தம்மடையில் ஒரு குழி

அம்மா மூடியைத் தூக்கினாள். நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசம் அடுப்படியை விட்டு வாசல்வரைக்கும் போனது. முப்பதாவது நோன்பு, சாயங்கால நேரம், விடியலிலிருந்து தண்ணீர்கூட இறங்காத வயிறு. அந்த வாசத்துக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கே தனியாக நன்மை எழுத வேண்டும்.

செம்புச் சட்டி நிறையத் தம்மடை. பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம் சிவந்து, மேலே முந்திரியை வட்டவட்டமாகப் பதித்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு குழி. சரியாக ஒரு கரண்டி அளவு. குழியின் விளிம்பில் இரண்டு முந்திரி தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு எல்லாரையும் அடுப்படிக்கு வரச் சொன்னாள். எல்லாரும் என்றால் மூன்று பேர். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அண்ணன் சாகுல், நான். அண்ணன் காலையிலிருந்து ஏழை வீடுகளுக்குப் பெருநாள் அரிசி கொடுத்துவிட்டு அப்போதுதான் சைக்கிளை நிறுத்தியிருந்தான். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஜிப்பா, முகத்தில் முப்பது நாள் பட்டினியின் களைப்பு. பார்க்கிற யாருக்கும் இரக்கம் வரும்.

குழி ஒன்று, குற்றம் இரண்டு. நோன்பு நேரத்தில் யாரோ தின்றிருக்கிறார்கள். அதுவும் வபாத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் பேரில் பாத்திஹா ஓதுவதற்கு முன்னால் தின்றிருக்கிறார்கள். அது யார் என்பது அந்த அடுப்படியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்தேன். தின்றவருக்கும், எனக்கும்.

மேலே கங்கு, கீழே கங்கு

தம்மடையைக் கேக் என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். ரவை, முட்டை, சீனி, நெய், தேங்காய்ப் பால். கலக்கிச் சட்டியில் ஊற்றி, கீழே சிரட்டைக் கங்கு, மூடிமேலும் சிரட்டைக் கங்கு. இரண்டு தீயும் ஒத்துப்போனால் தம்மடை. ஒத்துப்போகாவிட்டால் மேலே கரி, உள்ளே கஞ்சி. அம்மாவும் அத்தாவும் குடும்பம் நடத்தியதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து உத்தமபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். சீரோடு அந்தச் செம்புச் சட்டியும் வந்தது. வந்த வருஷமே, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ஒரு துண்டு தின்றுவிட்டு, இந்தத் தெருவிலேயே இதுதான் ருசி என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பெருநாள் என்பது தொழுகை, புதுச்சேலை எல்லாவற்றுக்கும் முன்னால் தம்மடைதான்.

பெருநாளுக்கு முந்தின அந்தியில் குடும்பத்தில் இறந்துபோனவர்களை நினைத்து ஓதுவது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளைத் துணி விரித்துப் பலகாரத்தை வைப்போம், ஊதுபத்தி ஏற்றுவோம். மோதினார் வீடு வீடாக வந்து பேர் பேராகச் சொல்லி ஓதுவார். ஓதி முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பேரைச் சொல்லும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதே ஆள் உயிரோடு இருந்தபோது ஒரு வாய் கஞ்சி ஊற்ற மூக்கால் அழுதவர்களும் துடைத்துக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மலைக்குப் பின்னால் பிறை

பெருநாளுக்கு முந்தின அந்தியில் சுட வேண்டிய தம்மடை நோன்பு நாள் பகலில் எப்படி வீட்டில் இருந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் டெலிபோனால் வந்த வினை.

எங்கள் ஊரில் பிறை பார்ப்பது பெரும்பாடு. மேற்கே மலை. பிறை வந்தாலும் மலைக்குப் பின்னாலேயே தலையைக் காட்டிவிட்டு அப்படியே போய்விடும். அந்த வருஷம் ரமலான் மார்கழி, தை வாக்கில் வந்ததால் மலைமேல் மஞ்சும் சேர்ந்துகொண்டது. இருபத்தொன்பதாவது நோன்பு திறந்ததும் ஆம்பளைகள் பள்ளிவாசல் மாடியில் ஏறி நின்று மலையை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் குமுளியிலிருந்து மாமு போன் செய்தார். அம்மாவின் தம்பி. கேரளாவில் பிறை பார்த்தாச்சு, விடிஞ்சா பெருநாள் என்றார். மலையேறினால் பெருநாள், இறங்கினால் நோன்பு என்பது எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிற கூத்துதான். பள்ளிவாசலில் நகரா முரசு அடிக்கட்டும், பொறு என்றார் அத்தா. அம்மா எங்கே கேட்டாள்? தெருவில் முதல் ஆளாகத் தம்மடை இறக்க வேண்டும் என்ற வைராக்கியம். பேசிக்கொண்டே முட்டையை உடைத்துவிட்டாள்.

மூடிமேல் கங்கை அள்ளிப் போட்டு முடிக்கவும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி செருமவும் சரியாக இருந்தது. தமிழ்நாட்டில் எங்கேயும் பிறை தென்படவில்லை, நாளைக்கும் நோன்பு. பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, என்ன, உங்க வீட்ல மட்டும் மலையாளப் பெருநாளா என்று விசாரித்தாள்.  அம்மா வெந்ததை இறக்கி, மூடியைப் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கலக்கின கரண்டி, பாத்திரம், தட்டு எல்லாம் கழுவாமல் தொட்டியில் கிடந்தன.

படுதாவுக்குக் கீழே செருப்பு

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் அத்தாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதவே மாட்டாயா என்று அண்ணன் போன வாரம் போனில் கேட்டான். இதோ எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளட்டும்.

அத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைவிட முக்கியமாக, பள்ளிவாசல் கமிட்டியில் ஒரு இடம் இருந்தது. ரமலானில் டீக்கடைக்காரர்கள் கடைமுன்னால் படுதா கட்டிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்து வடை தின்கிற நம்மாட்களின் முகம் தெரியாது, கால் தெரியும். அத்தா அந்தப் பக்கம் போகும்போது லேசாகக் குனிந்து, செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நாலு பேர் நடுவில், "என்னப்பா, ஒஞ் செருப்புக்கு மட்டும் நோன்பு இல்லையோ?" என்று கேட்பார். அவர் வாய்க்குப் பயந்தே ஊரில் பல பேர் நோன்பு வைத்தார்கள். அந்த நோன்புக்குப் பலன் உண்டா என்று மார்க்கம் படித்த எந்த ஹஜ்ரத்தும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்கு அந்த வருஷம் சுகர் வந்தது. தேனியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான். காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் இங்கிலீஷில் திட்டினால் புரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார். டாக்டர் தமிழிலேயே திட்டினார். வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, இனிப்பைக் கண்ணால் பார்க்கக்கூடாது, இந்த வருஷம் நோன்பு வைக்கவே கூடாது.

நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை என்பது மார்க்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அத்தாவுக்குப் பயம் மார்க்கத்தின் மேல் இல்லை, அந்தச் செருப்புக்காரர்கள் மேல். பஸ் சின்னமனூர் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் தெரிய வேணாம் ஆத்தா. அம்மாவுக்கும்தான்."

அந்த மாசம் முழுக்க, விடியலுக்கு முன்னால் எல்லாரும் சாப்பிட்ட சஹர் சாப்பாட்டில் மிச்சத்தை டிபன் பாக்ஸில் அடைத்துக் கொடுத்தேன். அத்தா அதைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போய்த் தோட்டத்து மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். சாயங்காலம் பள்ளிவாசலில் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து நோன்புக்கஞ்சியும் குடித்தார்.

முப்பதாவது நாள் அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. மதியம் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள் ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் பார்த்தேன். அத்தா தலையில் தொப்பியும் கையில் கரண்டியுமாக, கன்னம் உப்பி நின்றார். மதுரையில் கட்டின பல்செட்டுக்கு முந்திரி ஆகாது. அதைப் பொறுக்கிப் பொறுப்பாக ஓரத்தில் வைத்திருந்தார்.

விழுங்கிவிட்டு, "படபடன்னு வந்துச்சு ஆத்தா" என்றார். சுகர் இறங்கினால் வாயில் போடச் சொல்லி டாக்டர் சொன்ன மிட்டாய் அவர் ஜிப்பாப் பையில் ஒரு கை இருந்தது. அதை ஏன் போடவில்லை என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. கரண்டியை வாங்கிக் கழுவிச் சுவரில் மாட்டினேன். நான் செய்த முட்டாள்தனங்களில் முதல் பரிசு அதற்குத்தான்.

கழுவின கரண்டி

அம்மா எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். சாமான் எல்லாம் அப்படியே கிடக்க, கரண்டி மட்டும் பளபளவென்று சுவரில் தொங்கியது.

"இதக் கழுவுனது யாரு?"

"நான்தான்" என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. இன்றுவரைக்கும் நான்தான் தின்றேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். இந்த வாரப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவான் என்று நினைக்கிறேன்.

அத்தா தொண்டையைச் செருமினார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று காத்திருந்தேன். தொழுகைக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கிடையாது. அந்தச் சாக்கும் எனக்கு இல்லை. என் நாட்களை என்னைவிட அம்மா நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள். பெருநாள் கழிந்த மறுநாள் ஹஜ்ரத் வீட்டுக்குப் போய், ஒரு பிள்ளை இப்படிச் செய்துவிட்டது என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வந்தாள். வேண்டுமென்றே தின்று ரமலான் நோன்பை முறித்தால் பரிகாரம் அறுபது நோன்பு, தொடர்ச்சியாக. மாத நாட்களைக் கழித்தால், நடுவில் பக்ரீத்தும் வருவதால் இப்போது நாள் பத்தாது, அது முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்றாள். கடைக்குப் போகும்போது உப்பு வாங்கி வா என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

சித்திரையில் ஒரு ரமலான்

ஊரே குளிரில் வைத்த நோன்பை நான் மட்டும் சித்திரை வெயிலில் வைத்தேன். வெயில் எப்படி என்றால், காலேஜ் விட்டு வீடு வருவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த அறுபது நாளுக்குள்தான் வீரபாண்டிக் கோயில் திருவிழாவும் வந்தது. கூடப் படித்த செல்வி விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். அவள் சர்பத் குடித்தாள், வெள்ளரிப்பிஞ்சு தின்றாள். நான் ராட்டினத்தைப் பார்த்தேன். உங்க நோன்புதான் எப்பவோ முடிஞ்சுபோச்சே என்று கேட்டவளிடம் வேறு வழியில்லாமல் நேர்த்திக்கடன் மாதிரி என்றேன். கூட வந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இதைவிட என்ன கேவலம் வேண்டும்?

அறுபது நாளும் விடியலுக்கு முன்னால் என்னை எழுப்பியது அத்தாதான். ஜென்மத்தில் அடுப்பைப் பற்றவைக்காத மனுஷன் டீ போட்டார். சீனியை அள்ளிக் கொட்டியிருப்பார். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார். வயசு கூடக்கூட மனுஷனுக்குப் பக்குவம் வருது பாரு என்றார்கள். மகமேல எம்புட்டுப் பாசம் என்று தெருப் பெண்கள் உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாசம் இருந்தால் ஒரு வரி சொல்ல வேண்டியதுதானே?

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் அத்தா வபாத்தானார். மாரடைப்பு. தோட்டத்தில் விழுந்தவரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டார். நான் அழுத அழுகையில் பாதி அவருக்காக, பாதி எனக்காக. இனிமேல் நான் வாயைத் திறந்தால் செத்தவரைக் காட்டிக்கொடுத்த மகள் என்று ஆகும். திறக்கவில்லை.

ஆதாரம் நான்தான்

அத்தா இல்லாத முதல் பெருநாள். புருஷனை இழந்தவள் நாலு மாசம் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்தாள் அம்மா. வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்து தம்மடை சுட்டாள். மோதினார் வருவதற்கு முன்னால் மூடியைத் திறந்து, அதே கரண்டியால் அதே ஓரத்தில் ஒரு குழி தோண்டினாள். இரண்டு முந்திரியை எடுத்துக் குழியின் விளிம்பில் வைத்தாள். தோண்டினதைக் கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபது நாள் பத்தாதென்று, அத்தா பேரில் ஓதுகிற தம்மடையிலேயே என் குற்றத்தை முந்திரி சகிதமாகப் படம் வரைந்து காட்டுகிறாள் என்று நினைத்தேன். அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டது அன்றிலிருந்துதான்.

அடுத்த வருஷமும் குழி. அதற்கடுத்த வருஷமும். ஒரு காரியத்தை மூன்று வருஷம் செய்தால் வழக்கம், நாலாம் வருஷம் விட்டால் குற்றம். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஜரீனா மதினி வந்தாள். எதற்கும் விளக்கம் சொல்லாவிட்டால் மதினிக்குச் சோறு இறங்காது. குழி என்பது வபாத்தானவர்களின் பங்கு என்றாள். முந்திரி இரண்டும், இரண்டு தோளிலும் உட்கார்ந்து நன்மை தீமை எழுதுகிற வானவர்களான மலக்குகளுக்காம். மலையாளப் பெருநாள் என்று சிரித்த பக்கத்து வீட்டு மாமி அதைக் கேட்டுக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கேசரியில் குழி தோண்டினாள். அப்புறம் தெருவே தோண்டியது.

நான் கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்து ஓவனெல்லாம் வாங்கித் தம்மடை சுட்டேன். ஊரிலிருந்து வந்த ஒருத்தி சாப்பிட்டுவிட்டு, எல்லாம் சரிதான், குழி இல்லையே, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல என்றாள். எனக்கே முறை சொன்னாள்! சவூதியிலிருந்து திரும்பிய பெரியம்மா மகன் ஒரு பெருநாளில், இந்தக் குழிக்கெல்லாம் மார்க்கத்தில் என்ன ஆதாரம் என்று சண்டைக்கு நின்றான். ஆதாரம் நான்தான்டா, பசியோடு நின்ற ஆதாரம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அத்தாவுக்காக விழுங்கிக்கொண்டேன்.

கிண்ணத்தில் இருந்தது

பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து புரட்டாசிக்கு வந்த வருஷம். நகரா அடித்தாயிற்று, நோன்பு திறந்தாயிற்று. மோதினார் தெருக்கோடி வீட்டில் ஓதிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு அப்போது கை நடுக்கம் வந்திருந்தது. கரண்டியை என்னிடம் நீட்டி, நீயே தோண்டு என்றாள்.

பத்து வருஷமாக அடக்கி வைத்தது அப்போதுதான் வெடித்தது. "செய்யாத தப்ப என் கையாலேயே தோண்டிக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீ செஞ்சேன்னு யாரு சொன்னா?"

சட்டிமேல் பதித்த முந்திரியைக் காட்டினாள்.

"இந்த வீட்ல முந்திரிய ஒதுக்கி வச்சிட்டுத் திங்கிற ஆளு ஒருத்தருதான். நீயா இருந்தா மொதல்ல முந்திரியத்தான தின்னிருப்ப."

டிபன் பாக்ஸும் தெரியுமாம். மோட்டார் ரூமும் தெரியுமாம். மூன்றாவது நோன்பிலேயே தெரியுமாம். அன்றைக்கு எங்களை வரிசையாக நிற்கவைத்தபோதும் தெரிந்துதான் நிற்கவைத்தாளாம்.

"பெறகு எதுக்கு என்னைய அறுபது நாளு போட்டு வதைச்ச?"

அம்மா சட்டியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பெத்த புள்ள பட்டினி கெடக்குறதப் பாத்து, ஒங்கத்தா இன்னைக்குச் சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு இருந்தேன். எனக்குச் சுகமில்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு இருந்தேன். அம்பது நாளாச்சு. அறுபதும் ஆயிருச்சு. அவுகளும் போயிட்டாக. ஒனக்குச் செஞ்சது தப்புத்தான் மைமூனு. அத ஒங்கிட்டச் சொல்ல எனக்கும் தைரியம் வரல."

எனக்கு அழுகை வந்தது. அம்மாவை நாலு அறை அறையலாம் என்றும் வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன். ஒரு சீக்கைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, தெரியும் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. நடுவில் மாட்டினது என் வயிறு.

"அப்ப வருஷா வருஷம் இந்தக் குழி?"

"ஓதுறதுக்கு முன்னாடியே அவுக பங்க எடுத்து வச்சிர்றேன். இனிமேயாச்சும் ஒளிஞ்சு திங்க வேணாம்ல."

ஆக, மதினி சொன்ன விளக்கம் சரியாகப் போய்விட்டது. மற்ற எல்லாவற்றையும்கூட மன்னித்துவிடலாம், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோண்டினேன். முந்திரி இரண்டையும் எடுத்து விளிம்பில் வைத்தேன். கிண்ணத்தை மூடப்போன என் கையை அம்மா தடுத்தாள். கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "தின்னு" என்றாள்.

வாசலில் மோதினார் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பாத்திஹா இன்னும் ஓதவில்லை. தண்டனையை ஏற்கெனவே அனுபவித்து முடித்துவிட்டதால், அவசரமில்லாமல் மென்று தின்றேன். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. பிறகு மலக்குகளின் முந்திரி இரண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.